நாற்பத்தேழாம் நம்பர் வாய்

போன வாரம் மைக்கம்மாவை எங்கே விட்டோம்? ரயில் நிலையத்தின் அறிவிப்புக் கூண்டுக்குள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு, நிலைய மேலாளருக்கு முன்னால். பேச்சு காற்றாகக் கசிகிறது, ஒன்றும் புரியவில்லை என்று பயணிகள் எழுதிக் கொடுத்த புகார் அவர் கையில் இருந்தது. "திங்கட்கிழமை குரல் சோதனை வைப்போம்மா. சரியா வந்தா மைக், இல்லேன்னா பார்சல் ஆபீஸ்" என்று சொல்லிவிட்டுப் போனார். இருபத்திரண்டு வருஷம் அந்த மைக்கின் முன்னால் உட்கார்ந்தவளிடம், பழைய நாற்காலியை இடம் மாற்றுவதைப் போலச் சொல்லிவிட்டுப் போனார்.

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். மைக்கம்மாவுக்கு இன்னும் போகவில்லை, ஆடிக்கொண்டிருந்தது. மேல்வரிசை முன்பல் ஆறும் இன்று, வியாழக்கிழமை, மாலை நாலு மணிக்குப் பிடுங்கப்பட இருந்தன. பிடுங்கிய கையோடு புதுப் பல்செட்டை மாட்டிவிடுவார்கள். திங்கட்கிழமைக்குள் நாக்கு அதற்குப் பழகிவிட்டால் மைக் தப்பும்.

இந்த விஷயம் வீட்டில் ஒருவருக்குத் தெரியும், ஒருவருக்குத் தெரியாது. தெரிந்தவள் நாத்தனார். அந்தப் பல் கிளினிக்கில்தான் அவளுக்கு வேலை. நாற்பத்தாறு வயதாகிறது, இன்னும் வீட்டில் அவளுக்குப் 'பாப்பா' என்றுதான் பெயர். தெரியாதவர் மைக்கம்மாவின் கணவர். அவர் தொழில் என்ன தெரியுமா? பல்செட் செய்வது.

முப்பது வருஷமாகப் பிளாஸ்டர் மாவில் கிடந்து புருவம்கூட வெளுத்துப்போனதால் தொழிலில் அவருக்கு 'மாவுக்காரர்' என்று பெயர். டாக்டர்கள் நோயாளியின் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டரை ஊற்றி அச்சு எடுத்து, அதன்மேல் பல்செட்டைக் கட்டுவார். அச்சில் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். உயிருள்ள வாய் ஒன்றை அவர் நின்று பார்த்ததே இல்லை.

ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவர் வீட்டில் இப்படியா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நானும் பன்னிரண்டு வாரமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பல் துலக்கித் துப்பியபோது ரத்தம் வந்தது. "என்னங்க, கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று மைக்கம்மா கூப்பிட்டாள். அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஈறு ஓரத்துல பிரஷ் படக்கூடாது. ரத்தம் வர இடத்த விட்டுட்டு மத்த இடத்த தேய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பொய் சொல்லவில்லை. பல்லும் ஈறும் சேரும் ஓரம்தான் அவர் தொழிலில் உயிர்நாடி. அச்சில் அந்த ஓரத்தில் கத்திக் கீறல் ஒன்று விழுந்தாலும் செட் உட்காராது. வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடமே அதுதான்: ஓரத்தைத் தொடாதே. பிளாஸ்டருக்குச் சொன்னதைப் பெண்டாட்டியின் ஈறுக்கும் சொன்னார். பல்லைப் பற்றிப் பல்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் அன்று முதல் ரத்தம் வரும் இடத்தைத் தொடுவதை விட்டுவிட்டாள். தொடாத இடத்தில் அழுக்கு சேர்ந்தது, அழுக்கு இறுகிக் காரையானது, இன்னும் அதிகமாக ரத்தம் வந்தது. அவள் இன்னும் கொஞ்சம் விலகித் தேய்த்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பல் ஆடுகிறது என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வயசாச்சுல்ல" என்றார். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. சிரிக்கும்போது கையை வாய்க்குக் கொண்டுபோகப் பழகிக்கொண்டாள். ஏன் பொத்திக்கொள்கிறாய் என்று அவர் இன்றுவரை கேட்கவில்லை.

காலை ஏழரை மணி. அவர் ரொட்டியை டீயில் நனைத்துத் தின்றுகொண்டே அன்றாடப் பேச்சைத் தொடங்கினார். அன்றாடப் பேச்சு என்றால் அடுத்தவர் வாயைப் பற்றிய பேச்சு.

"அந்த நாப்பத்தேழ இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சாகணும்."

"எந்த நாப்பத்தேழு?" மைக்கம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு பொம்பள வாய். அம்பது, அம்பத்திரண்டு வயசு இருக்கும். கண்றாவி! ஈறு இறங்கி வேர் தெரியுது. முன்னாடி ஆறும் விசிறியா விரிஞ்சு நிக்குது. காரை கட்டினது அச்சுலயே தெரியுதுன்னா பாத்துக்கயேன். பல்லு தேச்சே வருஷக்கணக்காச்சு போல. எப்படித்தான் அந்த வாயோட வெளிய போயி நாலு பேருகிட்ட பேசுதோ!"

மைக்கம்மாவின் கை நின்றது.

"போதாததுக்கு இடது பக்கக் கோரைப்பல்லு ஒண்ணு, முன்னாடி துருத்திக்கிட்டு, லேசா திரும்பி…" அவர் தன் சுட்டுவிரலைச் சாய்த்துக் காட்டினார்.

அவள் நாக்கு தானாகப் போய் இடது கோரைப்பல்லைத் தொட்டது. துருத்திக்கொண்டு, லேசாகத் திரும்பி, ஆடிக்கொண்டு அது அங்கேதான் இருந்தது.

கல்யாணமான புதிதில் இந்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "நீ சிரிச்சப்ப அந்த ஒரு பல்லு மட்டும் எட்டிப் பாத்துச்சு. அதுலதான் விழுந்தேன்" என்றார். இருபத்தேழு வருஷத்தில் அவர் அவளிடம் சொன்ன அழகான வார்த்தை அது ஒன்றுதான். மனதில் வைத்துக்கொள்ள வேறு இல்லாததால் அவள் அதைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அந்தப் பல்ல எப்படி வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"நேராத்தான். டாக்டர் சீட்டுல 'பழைய மாதிரியே வைக்கவும்'னு எழுதியிருக்கு. அந்தப் பொம்பள கேட்டிருக்கும். அம்பது வயசுக்கு மேல என்ன துருத்தல் வேண்டிக்கிடக்கு? நேராக்கிட்டேன். பாத்தா சந்தோஷப்படும்."

"தெரிஞ்ச வாய் மாதிரி இல்லையா உங்களுக்கு?"

"ஆயிரம் வாய் பாத்தாச்சு. எல்லாம் தெரிஞ்ச வாய் மாதிரிதான் இருக்கும்." எழுந்து கையைக் கழுவினார். "டீல இன்னும் கொஞ்சம் சூடு இருந்திருக்கலாம்."

அவர் தெருமுனை திரும்பும் வரை அவள் நின்றாள். பிறகு மாடிப்படியின் அடியில் போய், "பாப்பா!" என்று கூப்பிட்டாள். அந்தக் குரலைக் கேட்டு, பாதி பின்னிய தலையோடு நாத்தனார் இறங்கி ஓடி வந்தாள்.

"என் அளவு உங்க அண்ணாகிட்ட போயிருக்கு."

"என்ன அண்ணி சொல்றீங்க? வேற லேபுக்கு அனுப்புங்கன்னு டாக்டரம்மாகிட்ட நானே சொன்னேனே!" சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. போன புதன்கிழமை அவள் லீவு. அந்த இன்னொரு லேபில் மிஷின் பழுது என்று பேச்சு அடிபட்டது. மாவுக்காரர்தான் பாப்பாவின் அண்ணன், மைக்கம்மாவின் கணவர் என்பது டாக்டரம்மாவுக்குத் தெரியாது. கையில் இருந்ததை இருக்கிற லேபுக்கு அனுப்பியிருக்கிறார். "ஐயோ! அண்ணா கண்டுபிடிச்சிட்டாரா?"

"அதான் இல்லையே" என்றாள் மைக்கம்மா. "அரை மணி நேரம் என் வாயைப் பத்தி என்கிட்டயே பேசினார். கண்றாவின்னார். எனக்கு எதிர்ல உக்காந்து, ரொட்டி தின்னுக்கிட்டு."

நாத்தனாருக்கு முகம் சிவந்தது. "நான் இப்பவே போயி நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கறேன்."

"கேக்கக் கூடாது. என் மேல ஆணையா நீ சொல்லக் கூடாது. கைக்குள்ள வச்சிருக்காரு என் வாயை. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு. அவராத் தெரிஞ்சுக்கிட்டு ஒரு போன் பண்ணட்டும். அது போதும் எனக்கு."

பல் போவது உறுதியாகிவிட்டது. வேலை திங்கட்கிழமையின் கையில். ஆனால் அன்று நாலு மணி வரை மைக்கம்மா காத்திருந்தது இரண்டுக்கும் அல்ல. ஒரு போனுக்கு.

மத்தியானம் பல்செட்டை வாங்கி வரக் கிளினிக்கிலிருந்து நாத்தனாரைத்தான் அனுப்பினார்கள். லேப் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடி. மெழுகு உருகும் வாசனை, பாலிஷ் சக்கரத்தின் இரைச்சல், எங்கு கை வைத்தாலும் வெள்ளைத் தூசி. அலமாரி முழுக்க எண் எழுதிய தாடைகள். மாவுக்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ரோஸ் நிற ஈறும் ஆறு பல்லுமாக ஒரு செட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா பாப்பா, முடிஞ்சுது. எப்படி இருக்கு?"

அழகாக இருந்தது. மறுக்க முடியாது. மனுஷனுக்குக் கை அப்படி.

"அச்ச காட்டுண்ணா" என்றாள்.

"அது எதுக்கு உனக்கு?"

"காட்டேன்."

அவர் நாற்பத்தேழாம் எண் அச்சை எடுத்து மேஜைமேல் வைத்தார். செட் கட்டுவதற்காக அதில் முன்பல் ஆறையும் மழித்துவிட்டிருந்தார். பக்கத்திலேயே மழிக்காத இன்னொரு அச்சு இருந்தது. துருத்திய கோரைப்பல் அதில் அப்படியே நின்றது. நாத்தனார் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். இருபத்தேழு வருஷமாக அண்ணி தன்னைப் பார்த்துச் சிரித்த வாய்.

"நல்லாப் பாருண்ணா இதை."

"எட்டு நாளா இதைத்தானே பாக்கறேன். இங்க பாரு, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல எவ்வளவு எடைவெளி! எலும்பு கரைஞ்சாத்தான் இப்படி ஆகும். இது ஒருநாள்ல ஆனதில்ல. சோம்பேறித்தனம். காலையில ரெண்டு நிமிஷம், சாயந்திரம் ரெண்டு நிமிஷம் தேய்க்க முடியாதா ஒருத்தருக்கு?"

"தேச்சிருக்காங்க. தினம் ரெண்டு வேளை. ரத்தம் வர எடத்துல மட்டும் பிரஷ் படக்கூடாதுன்னு யாரோ அவங்களுக்குச் சொல்லியிருக்காங்க. அதையே புடிச்சுக்கிட்டு பன்னண்டு வருஷம் அந்த எடத்த விட்டுட்டுத் தேச்சிருக்காங்க."

"எந்த மடையன் சொன்னான்?"

பாலிஷ் சக்கரம் அந்த நேரம் பார்த்து நின்றிருந்தது. வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாத்தனார் தன் அண்ணனின் முகத்தையே பார்த்தாள். அதில் நடிப்பு இல்லை, கள்ளம் இல்லை, ஒரு துளி சந்தேகம்கூட இல்லை. மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்புகிறவருக்கு மார்மேல் விழுவதாவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியவில்லை.

"தொழில் தெரிஞ்ச மடையன்தாண்ணா" என்றாள். ஆணை இல்லாவிட்டால் அங்கேயே உடைத்திருப்பாள். செட்டை டப்பாவில் வைத்து மூடினாள். "சாயந்திரம் சீக்கிரம் வீட்டுக்கு வா."

"ஏன், என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. அண்ணிக்கு ஒரு போன் பண்ணேன் முடிஞ்சா."

"எதுக்கு?"

அவள் டப்பாவோடு படியிறங்கினாள். அவர் ஒரு விநாடி போனைக் கையில் எடுத்தார். பிறகு நாற்பத்தெட்டாம் எண் அளவு வந்து சேர, போனைக் கீழே வைத்துவிட்டு மாவைக் கரைக்கப் போனார்.

கிளினிக்கில் அன்று கூட்டம். சோடா பாட்டில் மூடியைப் பல்லால் திறக்கப் போய் முன்பல்லை உடைத்துக்கொண்ட லாரி டிரைவர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைக்கம்மா மூலையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூணே முக்கால். மூணு ஐம்பது. மூணு ஐம்பத்தெட்டுக்கு ஒரு அழைப்பு வந்தது. எடுத்தால், வீட்டுக்கு வரும் தண்ணீர் கேன்காரர். நாலு மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், படபடவென்று பேசுகிறவர். "சர்க்கரை இன்னிக்கு எவ்வளவு? பரவால்ல, கட்டுல இருக்கு. இப்படியே வச்சுக்கணும். சர்க்கரையும் ஈறு நோயும் கூட்டாளிங்க. ஒண்ணு ஏறினா இன்னொண்ணு கெடும்."

"என் மாமியார், பல்லெல்லாம் வயசானா விழத்தான் விழும்னு சொல்வாங்க" என்றாள் மைக்கம்மா. பயத்தில் எதையாவது பேச வேண்டியிருந்தது.

"வயசானா முடி நரைக்கும், பல்லு ஏன் விழணும்? பெரியவங்களுக்குப் பல்லு போறது பெரும்பாலும் ஈறு நோயால, இல்லேன்னா சொத்தையால. அப்புறம் சிகரெட், புகையிலை. அப்புறம் வெளிய உக்காந்திருக்காரே, அவரை மாதிரி பல்ல ஸ்பானரா நினைக்கறது." டாக்டரம்மா ஊசியை எடுத்தார். "உங்களுக்கு ஈறுதான். வலிச்சிருந்தா ஓடி வந்திருப்பீங்க. இது வலிக்காது. ரத்தத்தைக் காட்டி ஒரு தடவை சொல்லும். நாம கேக்கலேன்னா அது பாட்டுக்கு அடியில போயி எலும்பைக் கரைச்சிடும்."

"ராத்திரி பல்ல நறநறன்னு கடிக்கறாங்க டாக்டர். மாடி வரைக்கும் கேக்கும்" என்றாள் நாத்தனார், கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டே.

"தேஞ்சிருக்கே, பாத்தேன். அதுவும் சேந்து ஆட்டிடுச்சு. அதுக்குத் தூங்கும்போது போட்டுக்க ஒரு உறை தரேன். ஏம்மா, மனசுல என்ன?"

இருபத்தேழு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவளிடம் மனசில் என்ன என்று முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். அதுவும் வாயில் ஊசி போடும் நேரத்தில்.

"டாக்டர், ஒண்ணு கேக்கட்டுமா? பன்னண்டு வருஷம் முன்னாடி, அந்த முதல் ரத்தத்துக்கே வந்திருந்தா?"

டாக்டரம்மா ஊசியைத் தாழ்த்தினார். "அப்பவே காரையச் சுரண்டி எடுத்திருப்போம். ரத்தம் வர எடத்துலதான் மெத்து பிரஷ்ல, மெதுவா, விடாம தேய்க்கணும்னு சொல்லியிருப்போம். பத்து, பதினஞ்சு நாள்ல ரத்தம் நின்னிருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போயிருப்பீங்க."

"பல்லு?"

"இருந்திருக்கும்மா."

"ஆறுமா?"

"ஆறும்."

மைக்கம்மா வாயை அகலத் திறந்தாள். ஒவ்வொன்றாக, ட்ரேயில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. ஆட்டம் கண்ட பற்கள் என்பதால் எதுவும் பெரிதாக அடம் பிடிக்கவில்லை. கடைசியாக வந்தது இடது கோரைப்பல். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணியின் கால் விரல்கள் மட்டும் செருப்புக்குள் மடங்கி மடங்கி விரிந்தன.

புதுச் செட்டை மாட்டிக் கண்ணாடியைக் கொடுத்தார்கள். வரிசையாக, வெள்ளையாக, நேராக ஆறு பல். யாரோ ஒரு பெண்மணி, கொஞ்சம் வீங்கிய உதட்டோடு.

"அடடா, கோரைப்பல்ல நேராக்கிட்டாங்களே! நான் சீட்டுல எழுதியிருந்தேனே. திருப்பி அனுப்பட்டுமா?"

மைக்கம்மா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். மரத்துப்போன உதட்டால், "இருக்கட்டும். இதைப் பாக்க வேண்டியவங்க பாக்கணும்" என்றாள்.

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "நாளைக்குக் காலையில பத்து மணி வரைக்கும் இதைக் கழட்டக் கூடாது. நானே கழட்டி, புண்ணைப் பாத்துட்டு மறுபடி போடறேன். புண்ணு ஆற ஆற எலும்பு சுருங்கும், சில மாசத்துல செட்டைச் சரி பண்ணணும். கீழ்வரிசையும் கடைவாயும் இன்னும் உங்ககிட்ட இருக்கு. அதை விட்டுடாதீங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து சுத்தம் பண்ணிக்கணும். பல்லிடுக்குல நூல் விட உங்க நாத்தனார் சொல்லித் தருவாங்க. இன்னிக்கு அதிகம் பேச வேண்டாம். நாளையிலேருந்து சத்தமா வாசிச்சுப் பழகுங்க. திங்கட்கிழமை முழுசா சரியா வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணுவோம்."

வீடு திரும்பியபோது மணி ஆறு. மாவுக்காரர் அன்று அதிசயமாகச் சீக்கிரம் வந்து, முன் அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்டீங்க ரெண்டு பேரும்? வீடு பூட்டிக் கிடந்துச்சு. என்ன உன் கன்னம் வீங்கியிருக்கு?"

மைக்கம்மா அவருக்கு நேர் எதிரே நின்றாள். கையால் பொத்தவில்லை. மெதுவாக, வலியோடு, உதட்டை விலக்கினாள்.

இரண்டு விநாடி. அதற்கு மேல் ஆகவில்லை. பேப்பர் அவர் மடியிலிருந்து நழுவியது.

"நாப்பத்தேழு!" என்றார்.

பாருங்கள் கூத்தை. இருபத்தேழு வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட வாயை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எட்டு நாள் செய்த தன் வேலையை ஒரே பார்வையில் கண்டுகொண்டார். எனக்கே எழுதக் கை கூசுகிறது.

"இது எப்படி உன் வாய்ல…" என்றபடி எழுந்து வந்தார். பழக்க தோஷம், அவள் முகவாயைப் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினார். "கடி பாக்கலாம். இன்னொரு தடவை கடி. வலது பக்கம் லேசா இடிக்குது. நாளைக்கு லேபுக்கு வா, ராவிக் குடுத்துடறேன். மத்தபடி ஈறோட நல்லா உக்காந்திருக்கு."

"அண்ணா!"

நாத்தனாரின் கத்தலில் அவர் கை தானாகக் கீழே விழுந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. செட்டுக்குப் பின்னால் ஒரு வாய் இருக்கிறது, வாய்க்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாள், அந்த ஆளிடம்தான் காலையில் ரொட்டி தின்றுகொண்டே… அவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். முகம் அவர் கரைக்கும் மாவைவிட வெளுத்துப்போனது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்களாத் தெரிஞ்சுக்குவீங்கன்னு இருந்தேன். நாலு மணி வரைக்கும்." ஒவ்வொரு வார்த்தையும் புதுப் பல்லில் இடித்து, கொழகொழவென்று வந்தது. "உங்க கையிலதானே இருந்துச்சு."

"அந்தக் கோரைப்பல்லு… நான் நேராக்கிட்டேனே. மறுபடி செஞ்சு தரேன்மா. பழையபடியே, அப்படியே."

அவர் தங்கையின் பக்கம் திரும்பினார். மத்தியானப் பேச்சு இப்போதுதான் அவருக்குள் இறங்கியிருக்க வேண்டும். குரல் சின்னதாகிப்போயிருந்தது.

"பாப்பா, ரத்தம் வர எடத்துல பிரஷ் படக்கூடாதுன்னு யாரோ சொன்னதாச் சொன்னியே. அது யாரு?"

"நீதாண்ணா."

"நானா?"

மைக்கம்மா இந்த நேரத்துக்காக எத்தனையோ பதிலைத் தயாராக வைத்திருந்தாள். அவர் கத்தினால் ஒன்று, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டால் ஒன்று, விதி என்று சொன்னால் ஒன்று. அன்று காலை, கண்ணாடிக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்திருந்தாள்.

அவர் நிமிர்ந்து, நிஜமாகவே யோசித்து, நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

அவள் அவர் முகத்தைத் துழாவிப் பார்த்தாள். "ஞாபகம் இல்லையா?"

"சத்தியமா இல்லம்மா. அப்படி ஒரு நாளே எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. தினம் இரண்டு வேளை, பன்னிரண்டு வருஷம், அவள் வேதவாக்காக எடுத்துக்கொண்டு நடந்த ஒரு வார்த்தை. சொன்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதே அதை மறந்துவிட்டிருந்தார்.

மைக்கம்மா உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் தலையணையும் போர்வையும் இருந்தன. நாத்தனார் ஒன்றும் கேட்காமல் போர்வையை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் ஏறத் தொடங்கினாள்.

"எங்க போற?" என்றார் அவர். "நாளைக்கு டாக்டர் கழட்டிப் பாப்பாங்கல்ல? நானும் கூட வரேன். வரட்டுமா? சொல்லும்மா, வரட்டுமா?"

இன்று அதிகம் பேச வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மைக்கம்மா பேசவில்லை.